எட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒன்று

மண்ணூர்பேட்டையில் துலுக்கானத்தோடு ஒரு முறைகூடச் சண்டை போடாதவர் என்று யாராவது இருந்தால், அவர் போன வாரம்தான் அங்கே குடிவந்திருப்பார்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குத் திரும்பும் சாலையில், பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்பது அவருடைய ரேடியம் ஸ்டிக்கர் கடை. ஆட்டோவின் முதுகில் குலதெய்வம், பைக் டேங்கில் காதலியின் முதலெழுத்து, நம்பர் பிளேட்டில் எண் என்று சகலமும் வெட்டி ஒட்டுவார். புது வண்டி வாங்கியவன் மாலை போட்ட வண்டியும் மலர்ந்த முகமுமாக வந்து நிற்பான். துலுக்கானம் வண்டியைப் பார்க்கமாட்டார், எண்ணைக் கூட்டுவார். கூட்டுத்தொகை எட்டு வந்துவிட்டால், "இன்னா தகிரியத்துல இத்த ஓட்டிக்கினு வந்தே?" என்று ஆரம்பிப்பார். எட்டு சனியின் எண். வந்தவன் திரும்பும்போது முகத்தில் மலர்ச்சி இருக்காது. பயத்தில் கிளட்சை விட்டு அடுத்த தெருவிலேயே வண்டியைப் படுக்கப் போட்டவர்கள் உண்டு. துலுக்கானம் அதையும் சனியின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வார்.

ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிற ஆள் இல்லை அவர். அப்பா கட்டிய வீட்டுக்கு ஒரு வருஷம் புதுக் கதவு எண் வந்தது: பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. அன்று சாயங்காலமே மனைவி பொன்னியம்மாவையும் கைக்குழந்தையையும் இரண்டு அண்டாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் அந்த வீட்டிலேயே இருந்தார். இருந்து, மாடி எடுத்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார், கொழுகொழுவென்று இருக்கிறார். சனியைப் போல் கொடுப்பவரும் இல்லை, கெடுப்பவரும் இல்லை. அண்ணனுக்கு இப்போது நடப்பது முதல் பாதி என்று துலுக்கானம் காத்திருக்கிறார். இந்தக் கதை நடந்தபோது அந்தக் கைக்குழந்தைக்குப் பதினாறு வயது. பெயர் சிம்ரன்.

அவள் கார் பந்தயத்துக்குள் வந்த கதைக்கு ஒரு மனை வியாபாரி தேவைப்படுகிறார். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பின்புறம் ஞானசேகரன் என்பவர் பெரிய லேஅவுட் ஒன்று போட்டார். நுழைவாயிலில் சிமெண்டு யானைகள் நின்றன, அகலமான தார்ச்சாலைகள் படுத்துக்கிடந்தன, மனை மட்டும் விலை போகவில்லை. சாலை சும்மா கிடந்தது. அவருடைய மகன் விக்ரமும் சும்மா கிடந்தான். இரண்டையும் ஒன்றாகப் பார்த்த ஒரு நாளில் அவருக்கு உதித்ததுதான் ‘வேங்கை ஜூனியர் ஃபார்முலா’ என்கிற பந்தயத் தொடர். பதினேழு வயதுக்கு மேல் போகாத பிள்ளைகளுக்கு மட்டும். ஒற்றை இருக்கை, மேலே கூரை கிடையாது, சக்கரங்கள் வெளியே தெரியும், முதுகுக்குப் பின்னால் பைக் இன்ஜின் உறுமும். பன்னிரண்டு வண்டிகளும் ஒரே அச்சு, ஜெயிப்பது திறமை மட்டுமே என்று விளம்பரம் சொன்னது.

வேறெந்த நாட்டுப் பந்தயத்திலும் இல்லாத பெயர்கள் இங்கே வளைவுகளுக்கு இருந்தன. மூன்றாவது குறுக்குத் தெரு வளைவு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், சமுதாயக் கூடம் வரவிருக்கும் திருப்பம். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர், யார் முந்தினான் என்பதைவிட முந்திய இடத்தில் எத்தனை மனை பாக்கி என்பதை அழுத்திச் சொன்னார். பார்க்க வந்த குடும்பங்களுக்கு மோர் இலவசம். தொடர் இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. மனைகள் தீர்ந்தன, பந்தயமும் தீர்ந்தது. சமுதாயக் கூடம் வராத அந்தத் திருப்பத்தில் இன்று ஒரு பல் மருத்துவர் வீடு கட்டி நாய் வளர்க்கிறார்.

ஞானசேகரனைப் பற்றி இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் போட்ட எந்த லேஅவுட்டிலும் எட்டாம் எண் மனையை யாரும் வாங்கியதில்லை. அவர் யாரையும் வற்புறுத்தியதும் இல்லை. "பாவம், அது என் பேர்லயே இருக்கட்டும்" என்று பெருமூச்சோடு வைத்துக்கொள்வார். சுற்றிலும் வீடுகள் எழும்பி, பேருந்து வந்து, பள்ளிக்கூடம் வந்த பிறகு, அதற்கு ‘7ஏ’ என்று பெயர் வைத்து, இருப்பதிலேயே உயர்ந்த விலைக்குக் கொடுப்பார்.

பந்தயத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் காட்டுப்பாக்கம், போரூர் பக்கத்து அடுக்குமாடிகளில் கணினி வேலை பார்த்துக் குடியேறியவர்கள். நீச்சல், சதுரங்கம், கீபோர்டு எல்லாவற்றிலும் பிள்ளை தோற்று முடித்திருந்ததால் அடுத்து இது. பத்திரிகையில் நல்லபடியாக எழுத வேண்டுமே என்பதற்காக வசதியில்லாத பிள்ளை ஒருவருக்கு ஓர் இருக்கை இலவசம் என்று ஞானசேகரன் அறிவித்தார். தேர்வு நாளில் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்குத் துலுக்கானம் போயிருந்தார். சுருள்களைத் தூக்கிக்கொண்டு கூட வந்த சிம்ரன், சுருள்களைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். வரிசையில் இருந்த அத்தனை பையன்களையும்விட வேகமாகச் சுற்றி முடித்துவிட்டு வந்து, மறுபடி சுருள்களைத் தூக்கிக்கொண்டாள்.

அன்றைக்குத் துலுக்கானம் ஊரெல்லாம் பெருமையடித்தார். பெருமையையும் அவர் சண்டை மாதிரிதான் செய்வார். "உன் புள்ள இன்னாடா பண்ணிகினுகீறான்?" என்று எதிரே வந்தவர்களை எல்லாம் கேட்டார்.

வண்டிகளுக்கு எண் ஒட்டும் வேலையும் அவருக்கே வந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை. ஏழு வரைக்கும் ஒழுங்காக ஒட்டினார். எட்டை எடுத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. பந்தலில் பெற்றோர்கள் எல்லாரும் காபி டம்ளரோடு நின்று வேடிக்கை பார்க்கையில், எட்டாம் எண் பஸ் கவிழ்ந்தது, எட்டாம் தேதி கல்யாணம் கோர்ட்டுக்குப் போனது என்று எட்டின் சரித்திரத்தை அவிழ்த்துவிட்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள், நியாயமாக அவரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். கிருபாகரன் என்கிற மென்பொருள் மேலாளர், ஸ்வாதி என்ற பெண்ணின் தகப்பனார், முதலில் டம்ளரைக் கீழே வைத்தார். தன் பெண்ணை அந்த வண்டியில் உட்காரவைக்கமாட்டேன் என்றார். பிறகு ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

ஒவ்வொரு சுற்றுப் பந்தயத்துக்கும் எவர்சில்வர் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த வண்டி என்று முடிவு செய்வதாகத்தான் ஏற்பாடு. இப்போது குடத்தில் பதினோரு சீட்டுதான் விழுந்தது. எட்டு யாருக்கு? காசு கொடுக்காமல் ஓட்டுகிற பிள்ளைக்கு. அதாவது, எட்டின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னவரின் மகளுக்கே.

துலுக்கானம் குதித்தார். கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார். "மாடு உன் ஊட்டு மாடா?" என்று துலுக்கானம் கேட்க, அன்று முதல் அந்தத் தொடர் முடியும்வரை அந்தப் பந்தலுக்குக் கீழே இரண்டு கட்சிகள். ஒரு கட்சியில் துலுக்கானம். மறு கட்சியில் மீதி எல்லாரும். அவர்கள் அவருக்கு மோர் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவர்கள் பிள்ளைகளின் பெயர் ஸ்டிக்கரில் ஒரு கால், ஒரு கொம்பு, ஒரு புள்ளி விட்டு ஒட்டினார். விக்ரம் என்பது ஒரு சுற்றுக்கு ‘விகரம்’ என்றே ஓடியது.

இந்தச் சண்டையில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பதினோரு வண்டிகளும் வாடகை சைக்கிள் மாதிரி கை மாறின. இன்றைக்கு என்னுடையது, அடுத்த முறை எவனுடையதோ; ஆகவே அடி, மிதி, கியரைப் பிடுங்கு. அதிலும் ஆறாம் நம்பர் வண்டி முதலில் இரண்டு முறை ஜெயித்துவிட்டதால் ராசியான வண்டி என்று பேரெடுத்தது. சீட்டில் ஆறு வந்த வீட்டில் அன்று தேங்காய் உடைப்பார்கள். ஆறு வந்த பிள்ளை, இந்த அதிர்ஷ்டம் இனி வராது என்று உயிரைக் கொடுத்து ஓட்டும். பிள்ளையின் உயிருக்கு ஒன்றுமில்லை. போனது வண்டியின் உயிர்.

எட்டு மட்டும் ஒருத்தி கையிலேயே இருந்தது. பந்தயம் முடிந்து மற்ற பிள்ளைகள் செல்பி எடுக்கப் போனதும் சிம்ரன் மெக்கானிக் அருளோடு வண்டிக்குக் கீழே படுத்திருப்பாள். மூன்றாவது கியருக்குப் போகும்போது இப்படி ஒரு சத்தம், பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இப்படி ஓர் இழுப்பு என்று வாயாலேயே சத்தமிட்டுக் காட்டுவாள். அருள் திருகுவான். அடுத்த சுற்றில் அந்தச் சத்தம் இருக்காது. முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தவள், நடுவில் வந்தாள், பிறகு மூன்றாவதாக வந்தாள், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போக, முதலாவதாகவே வந்துவிட்டாள்.

வேறு தகப்பனாக இருந்தால் வண்டியைத் தடவிக்கொடுத்திருப்பான். துலுக்கானத்தின் கணக்கு வேறு. சனி பிடித்த வண்டியிலேயே பெண் இப்படி வருகிறாள் என்றால், நல்ல நம்பரில் உட்காரவைத்தால் எங்கே போவாள்? ஒவ்வொரு வெற்றியும் அவருக்குப் புது ஆத்திரமாக மாறியது. பந்தலுக்குக் கீழே போய், என் பெண்ணை வேண்டுமென்றே அமுக்குகிறார்கள் என்று சத்தம் போடுவார்.

"எட்டு நல்லாத்தான் கீது நைனா. அத்த வுட்டுடு" என்று சிம்ரன் ஒரு நாள் சொன்னாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால், பொன்னியம்மாவும் கேட்க, தெளிவாகத்தான் சொன்னாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? நீ வண்டிய பாரு. நம்பர நான் பாக்கறேன்."

பொன்னியம்மா ரசத்தை ஊற்றினாள். இந்த வாக்கியத்தின் வேறு வடிவத்தைக் கேட்டுத்தான் அவள் பதினேழாம் எண் வீட்டிலிருந்து அண்டாவோடு கிளம்பியிருந்தாள்.

கடைசிச் சுற்று வந்தது. தொடரில் முதலிடம் பிடிக்கும் பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் அடுத்த படிப் பந்தயத்தில் ஒரு வருஷம் முழுச் செலவோடு இடம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு கோப்பை. முதலிடம் வராவிட்டாலும் தகப்பன் செலவில் போகலாம். சிம்ரனுக்கு அது ஒன்றுதான் வழி. புள்ளிகளில் விக்ரம் முதலில் இருந்தான், சிம்ரன் அவன் குதிகாலை மிதித்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு முன்னால் வந்து முடித்தால் போதும், இடம் அவளுக்கு.

அன்று காலை ஓட்டுநர்களை எல்லாம் எடை பார்க்கவும் கொடிகளின் அர்த்தம் சொல்லவும் தனியாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் துலுக்கானம் பந்தலின் நடுவில் போய் நின்றார். இன்றைக்கும் எட்டைக் கொடுத்தால் எண் ஒட்டிய கையாலேயே அத்தனை ஸ்டிக்கரையும் கிழிப்பேன், வந்திருக்கிற பத்திரிகைக்காரர்களிடம் ஏழைப் பெண்ணை நசுக்கிய கதையைச் சொல்வேன் என்றார். பெற்றோர்கள் எதிர்ப்பாட்டு பாடினார்கள். இலவசத்துக்கு வந்தவனுக்கு வாய் பாரு என்று யாரோ சொல்ல, யாரோ மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி விழுந்தது.

ஞானசேகரன் கையை உயர்த்தினார். கோபமே இல்லை அவர் முகத்தில்.

"துலுக்கானம் கேக்கறதுல நியாயம் இருக்கு. கடைசிப் பந்தயம். குலுக்கலே வேண்டாம். அவரு பொண்ணுக்கு எந்த வண்டி வேணுமோ அவரே முதல்ல எடுத்துக்கட்டும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

தன் வாழ்நாளில் துலுக்கானம் கேட்டு ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட வேண்டிய இடம். ஆனால் அவருக்குச் சந்தேகப்பட வராது, சண்டை போடத்தான் வரும். சண்டைக்கு ஆள் இல்லாததால் தடுமாறிப்போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு, கூட்டம் வயிறெரியட்டும் என்றே நிதானமாக நடந்துபோய், ராசியான ஆறாம் நம்பரின் மூக்கில் கையை வைத்தார். கிருபாகரன் பல்லைக் கடித்தது அவருக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

"அப்போ எட்டு?" என்று யாரோ கேட்டார்கள். பெற்றோர்கள் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள்.

ஞானசேகரன் ஒரு பெருமூச்சு விட்டார். "பாவம், அத விக்ரம் எடுத்துக்கட்டும்."

கை தட்டினார்கள். தன் பிள்ளையையே சனியிடம் தாரை வார்க்கும் பெருந்தன்மையைப் பார்த்து ஓர் அம்மாவுக்குக் கண் கலங்கியது. துலுக்கானத்துக்கே ஒரு கணம் மனசு இளகியது. எட்டைப் பிய்த்துவிட்டு வேறு நம்பர் ஒட்டித் தருகிறேன் சார் என்றார், கத்தியை எடுத்துக்கொண்டு.

"எதுக்குப் பிய்க்கிற? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் ஞானசேகரன். "முன்னாடி ஒரு ஒண்ணு ஒட்டு. பதினெட்டு. கூட்டினா ஒம்போது ஆச்சா?"

துலுக்கானம் வண்டியின் முன்னால் மண்டியிட்டார். வெள்ளை ஸ்டிக்கரில் ஒரு ஒன்று வெட்ட நிழற்படம் எடுக்கும் நேரம்கூட ஆகாது. ஒட்டினார். விரலால் நீவிக் காற்றுக் குமிழை வெளியேற்றினார். பதினெட்டு. கடையில் நாள் முழுக்க ஒன்று, இரண்டு என்று வெட்டித் தள்ளுகிற ஆளுக்கு, முதல் பந்தயத்திலிருந்து இன்றுவரை இது ஏன் தோன்றவில்லை என்கிற கேள்வி கழுத்துக்குப் பின்னால் ஈரத்துணி மாதிரி வந்து விழுந்தது. அதை உதறிவிட்டு எழுந்தார்.

சிம்ரன் ஹெல்மெட்டோடு திரும்பி வந்தபோது ஆறாம் நம்பரின் இருக்கையில் அவளுடைய மெத்தைத் துண்டை வைத்து முடித்திருந்தார்கள். அவள் ஆறைப் பார்த்தாள். பதினெட்டில் விக்ரம் ஏறுவதைப் பார்த்தாள்.

"யாரு மாத்தனது?"

துலுக்கானம் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததைச் சொன்னார். எப்படிக் கேட்டார், எப்படி எல்லாரும் வாயடைத்துப்போனார்கள், கிருபாகரனின் மூஞ்சி எப்படிப் போனது என்று சொன்னார். அவள் கேட்டு முடித்தாள். ஹெல்மெட்டின் பட்டையை இறுக்கிக்கொண்டு ஆறில் உட்கார்ந்தாள். புறப்படும் நேரம் வந்துவிட்டதால் அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை.

முதல் இரண்டு சுற்றில் ஆறு நன்றாகத்தான் ஓடியது. சிம்ரன் முதலாவதாகப் போனாள். துலுக்கானம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிருபாகரனுக்குக் கேட்கும்படி சிரித்தார். மூன்றாவது சுற்றில் சமுதாயக் கூடத் திருப்பத்தில் அவள் கியரை மாற்றினாள். இன்ஜின் கூச்சல் போட்டது, வண்டி நகரவில்லை. மறுபடி மாற்றினாள். இந்த முறை கியர் விழுந்தது. அடுத்த வளைவில் மறுபடி நழுவியது. அவள் கை கியர் கம்பியிலேயே கிடப்பது வேலிக்கு வெளியிலிருந்து தெரிந்தது. பதினெட்டு பின்னால் வந்தது. விக்ரம் அப்படியொன்றும் ஓட்டவில்லை. எந்த வளைவையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் தப்பாகத் திருப்பினாலும் வண்டி சரியாகத் திரும்பியது. மிதித்த இடத்தில் நின்றது, விட்ட இடத்தில் பறந்தது. சிம்ரனைத் தாண்டிக்கொண்டு போனபோது அதிலிருந்து ஒரு வேண்டாத சத்தம்கூட வரவில்லை.

ஆறு நடுவழியில் நிற்கவில்லை. நிற்கவிடாமல் அவள் அதை இரண்டே கியரில் கடைசிவரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். அவளுக்குப் பின்னால், சறுக்கி எதிர்த்திசையில் திரும்பி நின்ற ஸ்வாதி மட்டும்தான் இருந்தாள். ஒலிபெருக்கி விக்ரமின் பெயரை மூன்று முறை சொல்லிவிட்டு, மூன்றாவது குறுக்குத் தெருவில் இனி நான்கே மனைகள் என்றது.

துலுக்கானம் பட்டறைப் பக்கம் பாய்ந்தார். வண்டியில் ஏதோ செய்துவிட்டார்கள், திருட்டுத்தனம் என்று கத்திக்கொண்டே போய் அருளின் சட்டையைப் பிடித்தார்.

அருள் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. "ஆறு ரெண்டு மாசமா செத்துகினு கீது அண்ணாத்தே. ஆளாளுக்கு அடிச்சா இன்னா ஆவும்? காலைல சார் வந்து எது நல்ல வண்டின்னு கேட்டாரு. எட்டுன்னேன். நீ கேட்டிருந்தா உன்கிட்டயும் சொல்லியிருப்பேன்."

சட்டையைப் பிடித்த கை மெல்லக் கீழே வந்தது. அடுத்து யாரைப் பிடிப்பது என்று துலுக்கானம் சுற்றிலும் பார்த்தார். ஞானசேகரன் மேடையில் மகனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். அவரை என்ன கேட்பது? எந்த வண்டி வேண்டும் என்று ஊரறியக் கேட்டுத்தானே கொடுத்தார்.

சிம்ரன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். அழுத முகம் இல்லை. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"ஏன் நைனா, உன் கடைல ஒரு ஒண்ணு இல்லியா?"

அவர் பதினெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு புடிக்கலன்னா மொத நாளே பக்கத்துல ஒண்ண ஒட்டிட்டு போயிருக்கலாமே. எனக்கு வண்டியாவது மிஞ்சியிருக்கும். உனுக்கு நம்பர் மாறணும்னு இல்ல. யாரனா உன்கிட்ட தோக்கணும். அவ்ளோதான்."

சனி, ராசி, ஞானசேகரனின் சூது, அருளின் துரோகம் என்று எடுத்துவிடப் பல பதில்கள் அவரிடம் இருந்தன.  வா, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

"நீ போ. நான் அருள் அண்ணனோட வண்டிய தொடச்சிட்டு பஸ்ல வரேன்" என்றாள். ஆறைத் தாண்டிப் போனாள். மாலையும் சந்தனமும் அப்பிக்கிடந்த பதினெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலியில் சுற்றியிருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். கோயம்புத்தூருக்கு விக்ரம் போனான். ஒரு மாதத்தில் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். அந்த இடத்தில் வேறு யாரையும் அனுப்பவில்லை.

அன்று மகள் போகச் சொல்லியும் துலுக்கானம் வீட்டுக்குப் போகவில்லை. சிமெண்டு யானைகளுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரைப் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பெற்றோர்களின் கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிருபாகரன் கண்ணாடியை இறக்கி, நல்ல வண்டியாகத்தான் பார்த்து எடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் துலுக்கானம் சண்டைக்குப் போகவில்லை. பிறகு காவலாளி வந்து, பெரிய முதலாளியின் கார் வருகிறது, வண்டியை நகர்த்து என்று ஒருமையில் அதட்டினான்.

துலுக்கானம் இறங்கி வண்டியை நகர்த்தினார்.